அப்பா அம்மாவுக்கு மெடிகேர், மெடிகெய்ட் இரண்டும்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

அமெரிக்காவில் அப்பா அம்மாவைக் கூட வைத்துக்கொண்டிருக்கிற நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு இங்கே வந்துவிடும்: "பெரியவங்களுக்கு மெடிகேர் எடுத்தீங்களா, மெடிகெய்ட் எடுத்தீங்களா?" ஏதோ இந்த இரண்டு அரசு மருத்துவக் காப்பீடுகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பது மாதிரி. 65 வயது தாண்டி, சொந்த வருமானம் குறைவாக இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். நாடு முழுக்க சுமார் 1.2 கோடிப் பேர் அப்படி இரண்டையும் வைத்திருக்கிறார்கள், 'டூயல்' என்று இவர்களைச் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு திட்டங்களையும் நடத்துகிற அலுவலகங்கள் ஒன்றோடொன்று அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் அங்கே போகச் சொல்வார், அங்கே போனால் இங்கே அனுப்புவார்கள். எந்த வரிசையில் போவது, எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்பது என்று தெரிந்திருந்தால் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சமாகும் வாய்ப்பு உண்டு. மிகைப்படுத்தவில்லை, கணக்கு கீழே வருகிறது.

கிரீன் கார்டில் வந்த, இங்கே வேலை பார்க்காத பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்கள் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம்.

முதலில் எது எது

இரண்டுமே 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட ஒரே சட்டத்தில் பிறந்தவை. மெடிகேர் மத்திய அரசுடையது, வயதைப் பார்க்கும் (அல்லது நீண்டநாள் ஊனத்தை), வருமானத்தைப் பார்த்து யாரையும் தள்ளாது. மெடிகெய்ட் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவு செய்வது, நடத்துவது மாநிலம், வருமானத்தையும் பெரும்பாலும் சொத்தையும் பார்க்கும். மாநிலத்துக்கு மாநிலம் பெயரே மாறும். கலிஃபோர்னியாவில் மெடி-கால், மாசசூசெட்ஸில் மாஸ்ஹெல்த், டென்னசியில் டென்கேர், நியூ ஜெர்சியில் என்ஜே ஃபேமிலிகேர். அதனால் "எங்க மாநிலத்துல மெடிகெய்ட் இல்ல, வேற ஏதோ ஒண்ணுதான் இருக்கு" என்று யாராவது சொன்னால் அந்த வேறு ஏதோ ஒன்றுதான் மெடிகெய்ட்.

மெடிகேரில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு, பார்ட் பி டாக்டர், லேப், ஸ்கேன் போன்றவற்றுக்கு, பார்ட் டி மருந்துக்கு. இங்கே பத்து வருடம், அதாவது 40 குவார்ட்டர், வரி கட்டி வேலை பார்த்தவருக்கு பார்ட் ஏ இலவசம். கணவனோ மனைவியோ அப்படி வேலை பார்த்திருந்தாலும் போதும். பிள்ளைகள் எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் சேராது, இதைப் பலர் நம்புவதில்லை.

வேலையே பார்க்காத பெற்றோர் என்ன செய்வது? கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்து, 65 வயதும் ஆகியிருந்தால் காசு கொடுத்து மெடிகேர் வாங்கலாம். 2025 விலையில் பார்ட் ஏ மாதம் 518 டாலர், பார்ட் பி 185 டாலர். (2026இல் பார்ட் பி 202.90 ஆகிவிட்டது.) 2025 விலையிலேயே வைத்துக்கொள்வோம்: அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து மாதம் 1,406 டாலர். இதைக் கேட்டதும் பாதிப் பேர் "பார்ட் பி மட்டும் போதும், ஆஸ்பத்திரிக்குப் போகாம பாத்துக்கலாம்" என்று முடிவெடுக்கிறார்கள். எழுபது வயதுக்காரரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது யார் கையில் இருக்கிறது?

மெடிகெய்டுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் ஐந்து வருடக் காத்திருப்பு உண்டு, 1996இல் வந்த சட்டம். கலிஃபோர்னியா, நியூ யார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் அதற்கு முன்பே கிரீன் கார்டுக்காரர்களுக்குக் கொடுக்கின்றன. ஆக, பல குடும்பங்களுக்கு இரண்டு கதவும் ஒரே நேரத்தில், ஐந்தாம் வருடம் முடியும்போது திறக்கின்றன.

மாநிலம் உங்கள் பிரீமியத்தைக் கட்டும்

மெடிகெய்டில் முழு மெடிகெய்ட் என்று ஒன்று இருக்கிறது. அதோடு, மெடிகேர் செலவை மட்டும் ஏற்றுக்கொள்கிற சிறு திட்டங்கள் சில இருக்கின்றன, மொத்தமாக மெடிகேர் சேவிங்ஸ் புரோகிராம் என்பார்கள். முழு மெடிகெய்டுக்குத் தகுதி இல்லாதவர்களுக்கும் இது கிடைக்கலாம். பலர் "மெடிகெய்ட் கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க" என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள், இதைத் தனியாகக் கேட்பதே இல்லை.

மூன்று படிகள் முக்கியம். மேல்படி கியூஎம்பி (QMB). இது பார்ட் ஏ பிரீமியம் (வாங்க வேண்டியிருந்தால்), பார்ட் பி பிரீமியம், டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை), நம் பங்காக வரும் 20 சதவீதம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். 2025இல் இதற்கான மாத வருமான வரம்பு தனி ஆளுக்கு 1,325 டாலர், தம்பதிக்கு 1,783 டாலர். அடுத்தது எஸ்எல்எம்பி, 1,585 மற்றும் 2,135 வரை, பார்ட் பி பிரீமியம் மட்டும் கட்டும். மூன்றாவது கியூஐ, 1,781 மற்றும் 2,400 வரை, இதுவும் பார்ட் பி மட்டுமே, முழு மெடிகெய்ட் இருப்பவர்களுக்குக் கிடையாது, வருடாந்திர நிதி தீரும் வரை முதலில் வருபவருக்கு முதலில் என்ற கணக்கு. எஸ்எல்எம்பி, கியூஐ இரண்டிலும் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுப் பிரீமியம் திரும்பக் கிடைக்கலாம். கியூஎம்பியில் பின்தேதி கிடையாது, ஒப்புதல் வந்த அடுத்த மாதம் முதல்தான், அதனால் தள்ளிப்போட்டால் போனது போனதுதான்.

வரம்புகள் ஒவ்வொரு வருடமும் மாறும், அலாஸ்காவிலும் ஹவாயிலும் கூடுதல். சில மாநிலங்கள் தாராளமாக வைத்திருக்கின்றன. நியூ யார்க்கில் வருமான வரம்பு இதைவிட அதிகம், இந்தத் திட்டங்களுக்குச் சொத்துக் கணக்கே பார்ப்பதில்லை. ஆகவே கொஞ்சம் மேலே போகிறது என்று நீங்களே முடிவு செய்து விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் போடுங்கள், மறுப்பதாக இருந்தால் அவர்கள் எழுத்தில் மறுக்கட்டும்.

பார்ட் ஏ இல்லாதவர்கள் எழுத வேண்டிய அந்த ஒரு வரி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கியூஎம்பி கிடைக்க பார்ட் ஏ இருக்க வேண்டும். பார்ட் ஏ வாங்க மாதம் ஐந்நூறு டாலருக்கு மேல் வேண்டும். அந்தப் பணம் இல்லாததால்தானே கியூஎம்பி கேட்கிறோம்? இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 'கண்டிஷனல் என்ரோல்மென்ட்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸில் பார்ட் ஏ விண்ணப்பம் கொடுக்கும்போது, குறிப்பு எழுதும் இடத்தில் "மாநிலம் எனக்கு கியூஎம்பி ஒப்புக்கொண்டால் மட்டும் பார்ட் ஏ வேண்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்ட் பி இல்லையென்றால் அதையும் சேர்த்தே கேளுங்கள். அந்த விண்ணப்பத்தின் நகலை எடுத்துக்கொண்டு மாநில மெடிகெய்ட் அலுவலகத்தில் கியூஎம்பிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் வந்தால் மாநிலம் பார்ட் ஏ பிரீமியத்தைக் கட்டும். வரவில்லை என்றால் பார்ட் ஏ தொடங்காது, உங்களுக்கு பார்ட் ஏ பில்லும் வராது.

கவுன்ட்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. "அப்படி எல்லாம் கிடையாது, 40 குவார்ட்டர் இல்ல, காசு கட்டுங்க" என்பார். கோபப்பட வேண்டாம், அவர்களுடைய கையேட்டிலேயே ஹெச்ஐ 00801.140 என்ற பிரிவில் இது இருக்கிறது, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய்க் காட்டுங்கள். எண்ணைக் காட்டியும் அசையாவிட்டால் மேலதிகாரியைக் கேளுங்கள்.

இதிலும் மாநில வேறுபாடு உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் 'பார்ட் ஏ பை-இன்' மாநிலங்கள். அங்கே பார்ட் பி ஏற்கெனவே இருந்தால் சோஷியல் செக்யூரிட்டிக்கே போகாமல் மாநிலத்தில் நேராக கியூஎம்பி கேட்கலாம், வருடத்தின் எந்த மாதத்திலும். மற்றவை 'குரூப் பேயர்' மாநிலங்கள், நியூ ஜெர்சி, இல்லினாய், வர்ஜீனியா எல்லாம் நீண்ட காலமாக இந்தப் பட்டியலில் இருப்பவை. அங்கே முதல் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் கண்டிஷனல் விண்ணப்பம் போட முடியும். கலிஃபோர்னியா 2025 ஜனவரியில் பை-இன் பக்கம் மாறிவிட்டது, அதனால் அதற்கு முன் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி போய்க் கேட்பது நல்லது.

முதல் வாய்ப்பு என்பது ஏழு மாதம். 65ஐத் தாண்டி வந்த கிரீன் கார்டுக்காரருக்கு அந்த ஏழு மாதம் பிறந்தநாளை வைத்து அல்ல, ஐந்து வருடம் நிறைகிற மாதத்தை வைத்துக் கணக்காகும். அதற்கு மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். தாமதமாகப் போனால் பார்ட் பியில் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் அபராதம் ஏறும், அதுவும் ஆயுள் முழுக்க. ஆனால் மாநிலம் உங்கள் பிரீமியத்தை ஏற்றுக்கொண்டுவிட்டால் அபராதம் மறைந்துவிடும். ஏற்கெனவே அபராதம் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஸ்பான்சர் கணக்கு

பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்கும்போது ஐ-864 என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? மெடிகேருக்கு அது குறுக்கே வராது, காசு கொடுத்து வாங்குகிற காப்பீடு அது. மெடிகெய்டும் அதன் கீழே வருகிற கியூஎம்பி வகையறாவும் அப்படி இல்லை. ஸ்பான்சர் செய்த பிள்ளையின் வருமானத்தையும் பெற்றோரின் வருமானமாகச் சேர்த்துக்கொள்ள மத்திய சட்டம் சொல்கிறது, பெற்றோர் குடியுரிமை வாங்கும் வரை அல்லது 40 குவார்ட்டர் கணக்கு சேரும் வரை. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்துவதில் ஏகப்பட்ட வித்தியாசம். கொடுத்த சலுகைப் பணத்தை ஸ்பான்சரிடம் திரும்பக் கேட்கவும் மாநிலத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் மாநில விதி என்ன என்று இலவசச் சட்ட உதவி மையம் ஒன்றில் கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வேறு மாநிலத்தில் இருக்கும் தன் மாமாவுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஸ்பான்சர் விதி இல்லாத இடத்தில் பிள்ளைகளின் வருமானம் கணக்கில் வராது. உங்கள் டாக்ஸ் ரிட்டர்னில் அப்பா அம்மாவை டிபென்டன்ட் என்று காட்டியிருந்தாலும் சரி, உங்கள் வீட்டில்தான் இருந்தாலும் சரி, 65க்கு மேற்பட்டவருக்கு அவர், அவருடைய துணை இருவரின் வருமானம்தான் பார்ப்பார்கள்.

குடியுரிமை கிடைத்துவிட்டால் இந்த ஸ்பான்சர் தலைவலி முழுக்கத் தீர்ந்துவிடும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு மாதாமாதம் வரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்கான கதவும் திறக்கும். ஐந்து வருடம் ஆனதும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு வேண்டுமென்றால் 50 வயதோடு 20 வருடக் கிரீன் கார்டு, அல்லது 55 வயதோடு 15 வருடம் வேண்டும், எழுபதில் வந்தவருக்கு இது எட்டாத கனி. மறதி நோய் போன்ற உண்மையான மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் என்-648 படிவம் எழுதிக் கொடுக்கலாம். சும்மா "வயசாயிடுச்சு" என்று எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மெடிகெய்ட் வாங்கினால் குடியுரிமை கிடைக்காது என்று ஒரு பயம் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. இவர் அரசு உதவியை நம்பியே வாழ்வாரா என்று பார்க்கிற, பப்ளிக் சார்ஜ் என்கிற அந்தச் சோதனை கிரீன் கார்டு வாங்கும் கட்டத்துக்கு உரியது, குடியுரிமை விண்ணப்பத்தில் அது கிடையாது. கிரீன் கார்டுக்காரர் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கேள்வி எழலாம், அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பென்ஷன், பூர்வீக வீடு, நகை

நம் குடும்பங்கள் தடுமாறுவது இங்கேதான். விண்ணப்பத்தில் அமெரிக்க வங்கிக் கணக்கை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள், ஏமாற்ற நினைத்து அல்ல, "அது ஊர்ல இருக்குறது, இவங்களுக்கு எதுக்கு" என்ற நினைப்பில். உலகத்தில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும்.

தமிழ்நாடு அரசுப் பென்ஷன் வருமானம். ஊர் ஃபிக்சட் டெபாசிட் வட்டியும் வாடகையும் வருமானம். டெபாசிட் சொத்து. 2025இல் கியூஎம்பி வகையறாவுக்கான சொத்து வரம்பு தனி ஆளுக்கு 9,660 டாலர், தம்பதிக்கு 14,470 டாலர். முழு மெடிகெய்டுக்குப் பல மாநிலங்களில் இன்னும் குறைவு, 2,000 மற்றும் 3,000 என்கிற பழைய எஸ்எஸ்ஐ வரம்புதான். கலிஃபோர்னியா 2024இல் சொத்து வரம்பையே எடுத்துவிட்டது, 2026 ஜனவரியில் தனி ஆளுக்கு 1,30,000 டாலர் என்று திரும்பக் கொண்டுவந்தது.

குடியிருக்கும் வீடு கணக்கில் வராது, ஒரு கார் வராது. ஆனால் அப்பா பெயரில் தாம்பரத்தில் பூட்டிக் கிடக்கும் ஃபிளாட் அவர் குடியிருக்கும் வீடு இல்லை, அது சொத்து. பாகம் பிரிக்காத பூர்வீக வீடு என்றால் கதை வேறு. கூடப் பிறந்தவர்கள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்பதைப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ் மொழிபெயர்ப்போடு காட்டினால் விலக்குக் கேட்க வழி உண்டு. நகை விஷயத்தில் அம்மா போட்டுக்கொள்கிற தாலி, வளையல் எல்லாம் சொந்த உபயோகப் பொருள், கணக்கில் சேராது. லாக்கரில் முதலீடாக வைத்திருக்கிற தங்கக் காசும் பிஸ்கட்டும் சேரும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கிற ரொக்கமும் வருமானம்தான். அதற்குப் பதிலாக அவர்களுடைய போன் பில்லை நீங்களே நேரடியாகக் கட்டினால் அது வருமானம் ஆகாது. எஸ்எஸ்ஐ வாங்குபவர்களுக்குப் பிள்ளை வீட்டில் சாப்பிடுகிற சாப்பாட்டைக்கூட முன்பு மதிப்புப் போட்டுக் கழித்தார்கள். 2024 செப்டம்பர் 30 முதல் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள், தங்குமிடம் மட்டும் பார்க்கிறார்கள்.

அவசரமாக வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். நர்சிங் ஹோம் போன்ற நீண்டகாலப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலான மாநிலங்களில் ஐந்து வருடம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள், சும்மா எழுதிக் கொடுத்த சொத்துக்குத் தண்டனைக் காலம் வரும், அது முடியும் வரை அந்தப் பராமரிப்புச் செலவைத் தர மாட்டார்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

கார்டு வந்த பிறகு

டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு கார்டையும் நீட்டுங்கள். முதலில் மெடிகேர் கட்டும், மிச்சம் மெடிகெய்டுக்குப் போகும், மெடிகெய்ட் எப்போதும் பந்தியில் கடைசி ஆள். இரண்டாவது கார்டைக் காட்டாவிட்டால் மிச்சம் உங்கள் வீட்டுக்கு பில்லாக வரும்.

கியூஎம்பி இருப்பவரிடம் மெடிகேர் ஏற்றுக்கொண்ட சேவைக்கு டிடக்டிபிளோ 20 சதவீதமோ வசூலிக்கக் கூடாது. இது மத்திய சட்டம். அந்த டாக்டர் மெடிகெய்ட் எடுக்காதவராக இருந்தாலும் இதே விதி. "நாங்க மெடிகெய்ட் எடுக்கிறதில்ல, அதனால நீங்கதான் கட்டணும்" என்று பில்லிங் ஆபீஸ் சொல்வது வழக்கம், எங்கள் வீட்டுக்கே ஒரு லேப் பில் அப்படி வந்து, கலெக்‌ஷன் வரை போகிறேன் என்று மிரட்டியது. கட்டாதீர்கள். மெடிகேர் அனுப்புகிற சுருக்க அறிக்கையில் கியூஎம்பி என்றே போட்டிருக்கும், நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று இருக்கும், அதன் நகலை இணைத்துக் கடிதம் எழுதுங்கள். அப்படியும் விடவில்லையென்றால் 1-800-633-4227இல் மெடிகேரை அழைத்துச் சொன்னால் அவர்கள் அந்த ஆபீஸுக்கு எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்வார்கள். ஏற்கெனவே கட்டிய பணத்தையும் திருப்பிக் கேட்கலாம்.

டாக்டர் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. மாநிலங்கள் பலவும் தங்கள் மெடிகெய்ட் விலைக்கு மேல் ஒரு பைசா தருவதில்லை. ஒரு விசிட்டுக்கு மெடிகேர் 100 டாலர் விலை வைத்து 80 கொடுக்கிறது, மெடிகெய்ட் விலை 70 என்றால், மாநிலம் அந்த மிச்சம் 20ஐத் தராது. டாக்டருக்கு 80தான். அதனால்தான் சில கிளினிக்குகள் டூயல் நோயாளி என்றதும் "புதுசா யாரையும் எடுக்கிறதில்ல" என்கின்றன. இது திட்டத்தை வடிவமைத்தவர்களின் கோளாறு, ஆனால் அதன் கூலியை நோயாளி கொடுக்கிறார்.

மருந்துக்குத் தனியாக அலைய வேண்டாம். மெடிகெய்டோ மேலே சொன்ன மூன்று படிகளில் ஒன்றோ கிடைத்தாலே, பார்ட் டி மருந்துச் செலவைக் குறைக்கிற எக்ஸ்ட்ரா ஹெல்ப் தானாக வந்துவிடும். 2025இல் அதில் ஜெனரிக் மருந்துக்கு அதிகபட்சம் 4.90, பிராண்டுக்கு 12.15 டாலர், முழு மெடிகெய்டோடு வருமானம் வறுமைக் கோட்டுக்குள் இருப்பவருக்கு 1.60 மற்றும் 4.80. பார்ட் டி பிளான் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களே ஒன்றில் போட்டுவிடுவார்கள், அதில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள்.

ஏஜென்ட் போன் செய்யும்போது

டூயல் ஆனதும் போன் வர ஆரம்பிக்கும். "ஃப்ரீ குரோசரி கார்டு தர்றோம், பல்லு, கண்ணாடி எல்லாம் இருக்கு." அவர்கள் விற்பது டி-ஸ்நிப் என்கிற, டூயல்களுக்கான மெடிகேர் அட்வான்டேஜ் பிளான், அதாவது மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக வாங்குவது. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். மெடிகேர், மெடிகெய்ட் இரண்டையும் ஒரே கம்பெனி முழுமையாக நடத்துகிற ஒருங்கிணைந்த வகை நல்லது, ஒரே கார்டு, ஒரே போன் எண். ஆனால் நெட்வொர்க்குக்குள் இருக்கிற டாக்டரிடம்தான் போக வேண்டும், பல சேவைகளுக்கு முன் அனுமதி வேண்டும். அப்பாவின் இதய டாக்டர் அந்த நெட்வொர்க்கில் இல்லையென்றால் மாதம் நூறு டாலர் மளிகையால் என்ன பயன்?

போனிலேயே "சரி சரி" என்று சொல்ல வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள், அந்த "சரி"யே ஒப்புதலாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டாலும் 2025 முதல் டூயல்கள் எந்த மாதமும் அரசே நேரடியாக நடத்துகிற ஒரிஜினல் மெடிகேருக்கும் தனி மருந்து பிளானுக்கும் திரும்பிவிடலாம், முழு மெடிகெய்ட் இருந்தால் ஒருங்கிணைந்த டி-ஸ்நிப்புக்கும் மாறலாம்.

பிளான் பேச்சில் மறந்துபோகிற விஷயம் ஒன்று, வீட்டுப் பராமரிப்பு. மெடிகேர் நீண்டகாலம் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள உதவாது, முழு மெடிகெய்ட் உதவும். கலிஃபோர்னியாவில் ஐஹெச்எஸ்எஸ், நியூ யார்க்கில் சிடிபாப் என்ற திட்டங்களில் குடும்பத்தினரே பராமரிப்பாளராகச் சம்பளம் வாங்கலாம். வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகள்கள் இதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஒன்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்: 55 வயதுக்குப் பிறகு வாங்கிய நீண்டகாலப் பராமரிப்புச் செலவை, இறந்த பின் அவர் சொத்திலிருந்து மாநிலம் திரும்பக் கேட்கும். கியூஎம்பி போன்றவை கட்டிய மெடிகேர் செலவுக்கு அந்தப் பயம் 2010 முதல் இல்லை.

ஊருக்குப் போகும்போதும், வருடா வருடமும்

மெடிகேர் இந்தியாவில் செல்லாது, பயணக் காப்பீடு எடுங்கள். எஸ்எஸ்ஐ வாங்குபவர் 30 நாள் தொடர்ந்து வெளியே இருந்தால் அது நிற்கும், திரும்பி வந்து 30 நாள் இருந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். மெடிகெய்டுக்கு அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். பொங்கலுக்குப் போய் ஆடி வரை இருந்துவிட்டு வருகிற பழக்கம் இருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள். குடியுரிமைக்குக் காத்திருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர் வசிப்புக் கணக்கிலும் கை வைப்பார்கள்.

இதைவிட ஆபத்து, ஊரில் இருக்கும்போது வீட்டுக்கு வருகிற புதுப்பிப்புப் படிவம். மெடிகெய்ட் வருடம் ஒருமுறை சரிபார்க்கும். 2023 ஏப்ரலில் கொரோனா காலச் சலுகை முடிந்ததும் நாடு முழுக்க 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள், அதில் பெரும்பகுதி தகுதி இல்லாமல் அல்ல, காகித வேலை முடியாததால். பல மாநிலங்களில், நீக்கப்பட்ட 90 நாளுக்குள் கேட்ட ஆவணத்தைக் கொடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே பரிசீலிப்பார்கள். அந்த இடைவெளியில் பார்ட் பி பிரீமியத்துக்கான பில் பெரியவர் பெயருக்கே வரும், சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வாங்குபவராக இருந்தால் அதில் பிடித்துவிடுவார்கள். மாநிலம் மறுத்துக் கடிதம் அனுப்பினால் அதில் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி இருக்கும், முதலில் அதைத்தான் தேட வேண்டும். சலுகை நிற்கும் தேதிக்கு முன்பே விசாரணை கேட்டுவிட்டால், முடிவு வரும் வரை பழையபடி தொடரும்படி கேட்கலாம்.

உதவிக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்கிற இலவச ஆலோசனை மையம் இருக்கிறது, கலிஃபோர்னியாவில் ஹைகாப், ஃபுளோரிடாவில் ஷைன் என்று பெயர். எதையும் விற்காதவர்கள். சோஷியல் செக்யூரிட்டியில் (1-800-772-1213) எக்ஸ்ட்ரா ஹெல்ப் விண்ணப்பம் போட்டால், வேண்டாம் என்று நீங்கள் குறிக்காத வரை, அந்த விவரம் மாநிலத்துக்குப் போய் கியூஎம்பி வகையறா விண்ணப்பமாகவும் எடுத்துக்கொள்ளப்படும், எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இது சுலபமான வழி. எந்த அலுவலகத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், போனில் இலவசமாக ஏற்பாடு செய்வார்கள். நீங்களே பேசுவதானாலும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் வாயால் "என் மகளோடு பேசுங்கள்" என்று சொல்லாமல் அவர்கள் ஒரு விவரமும் தர மாட்டார்கள். யாரோடு, எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள்.